வீடியோவுக்குக் கீழே

2017 பிப்ரவரி 6 அன்று தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை எல்லாருக்கும் ஓர் ஊசி. நான் அப்போது ஒரு மாவட்டத்தில் சுகாதார விழிப்புணர்வுப் பணியில் இருந்தேன். முகாமைப் பற்றி வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவது என் பொறுப்பு.

முதல் வீடியோவில் குழந்தை மருத்துவர் ஒருவர் பேசினார். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, இதயக் கோளாறு, காது கேளாமை எல்லாம் வரலாம் என்று நிதானமாக விளக்கினார். ஒன்றரை நிமிடம்தான். அதற்கு மூன்று நாள் உழைத்தோம். கீழே வந்த முதல் கமெண்ட்: "எவ்வளவுடா வாங்குன?" அடுத்தது அவருடைய அம்மாவை இழுத்தது. திட்டியவர்களில் ஒருவர்கூட ரூபெல்லா என்ற சொல்லை எழுதவில்லை.

வெறும் வசவுதானே, இது யாரை என்ன செய்துவிடும் என்று விட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திகளுக்கு மறுப்பு எழுதுவதிலேயே பொழுது போனது.

அடுத்த வாரம் ஒரு பள்ளியில், மகளுக்கு ஊசி வேண்டாம் என்று சொல்ல வந்திருந்த ஒரு தாயிடம் பேசினேன். வாட்ஸ்அப்பில் ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். "இல்ல மேடம், நீங்க போட்ட வீடியோவத்தான் பாத்தேன். டாக்டர் நல்லாத்தான் சொன்னாரு. ஆனா கீழ அத்தன பேரு திட்டுறாங்களே. ஒண்ணும் இல்லாமலா திட்டுவாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. மருத்துவர் சொன்னதில் ஒரு வரியைக்கூட அவர் மறுக்கவில்லை. கேட்டார், நம்பினார், கீழே படித்தார், நம்பிக்கை கரைந்துவிட்டது.

இதை ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டொமினிக் பிரொசார்டும் டீட்ரம் ஷூஃபலும் சக ஆய்வாளர்களும் 1,000க்கும் மேற்பட்டவர்களுக்கு நானோ வெள்ளி, அதாவது மிக நுண்ணிய வெள்ளித் துகள்களைப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் பற்றிய ஒரே கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்கு அதன் கீழே மரியாதையான கமெண்டுகள், சிலருக்கு வசைமொழி கலந்தவை. வசையைப் படித்தவர்களிடம் அந்தத் தொழில்நுட்பத்தின் ஆபத்தைப் பற்றிய கருத்து இரண்டு பக்கமும் விலகிப்போனது. ஏற்கெனவே தயங்கியவர்களுக்கு ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. 2013 செப்டம்பரில் 'பாப்புலர் சயின்ஸ்' இதழ் தன் இணையதளத்தில் கமெண்ட் பகுதியை மூடியபோது இந்த ஆய்வைத்தான் காரணமாகக் காட்டியது.

மூடுவது எங்களுக்குச் சரிப்படாது என்று எனக்குத் தோன்றியது. அந்த வசவுகளுக்கு நடுவில்தான் "காய்ச்சல் வருமா?", "சின்னதில் போட்டாச்சே, திரும்பவும் போடணுமா?" என்று நிஜமான கேள்விகள் கிடந்தன. அவற்றுக்கு யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பதிலாக நான் ஓர் இரவு கோபத்தில் திட்டியவர் ஒருவரிடம் மல்லுக்கு நின்றேன். காலையில் பார்த்தால் அந்தச் சண்டைதான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. அதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

அப்புறம் முறையை மாற்றினோம். வசவுகளை மறைத்தோம். கேள்விகளுக்குக் கிராம சுகாதார செவிலியர்கள் இருவர் தினமும் மாலையில் பதில் எழுதினார்கள். "ஆமாம்மா, சிலருக்கு லேசா காய்ச்சல் வரும், பயப்படாதீங்க, பிள்ளைக்கு எத்தனை வயசு?" என்று நேரில் பேசுவது போலவே எழுதினார்கள். சில நாளில் தாய்மார்களே அங்கே எழுத ஆரம்பித்தார்கள். "என் பையனுக்குப் போட்டாச்சு, நல்லா இருக்கான்" என்று ஒருவர் எழுதியதை நான் பலமுறை எடுத்துப் படித்தேன்.

முகாமை மார்ச் வரை நீட்டித்தார்கள். இரண்டாவது வீடியோவுக்காக அந்த மருத்துவரைக் கூப்பிட்டேன். ஊசி போட எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் வருகிறேன், கேமரா முன்னால் மட்டும் வேண்டாம் என்றார். அவர் அம்மாவும் அந்தக் கமெண்டைப் படித்திருந்தாராம்.