சித்திரை மழைக்குப் பிறகு களைக்கொத்தை எடுக்காதீர்கள்

எங்கள் ஈரோட்டுப் பக்கம் நல்ல உழவு மழை பெய்திருக்கிறது. தமிழ்நாட்டில் மார்ச் முதல் மே வரை பெய்யும் கோடை மழையின் சராசரியே சுமார் 125 மி.மீ. தான், வடகிழக்குப் பருவமழையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் நாற்பது டிகிரி வெயிலில் காய்ந்து கிடந்த மண்ணுக்கு அது போதும், ஒரு வாரத்தில் வாசல், வேலியோரம், தண்ணீர்த் தொட்டியடி எல்லாம் பச்சை பிடித்துவிடும். உடனே ஆள் வைத்துச் செதுக்கி எறிந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், அதில் பாதி கீரை.

‘சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று சொன்னது காட்டுக்கு, அதாவது விதைக்கிற வயலுக்கு. அங்கே கோடை உழவு ஓட்டத்தான் வேண்டும். வீட்டைச் சுற்றி இருக்கிற இடத்துக்கு அந்த அவசரம் கிடையாது. முளைத்ததெல்லாம் நாலு இலை விட்டால்தான் எது எதுவென்று அடையாளம் தெரியும்.

முதலில் கைக்கு வருவது தொய்யக்கீரை. தண்டு மெலிந்து லேசாகச் சிவந்திருக்கும், இலை நுனி கூராக இருக்கும், விட்டுவிட்டால் நீளமான காம்பில் இளஞ்சிவப்பாகப் பூ விடும். அப்புறம் பண்ணைக்கீரை, குமிட்டி, குப்பைக்கீரை. பருப்புக்கீரை தரையோடு படர்ந்து சதைப்பற்றாக இருக்கும். இதில் ஒன்று கவனியுங்கள்: தண்டை ஒடித்தால் பால் வடிகிறதா, அது பருப்புக்கீரை இல்லை, அம்மான் பச்சரிசி வகை. வேலியில் முடக்கத்தான் ஏறியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், ஒரு கைப்பிடி இலையைப் பச்சையாக அரைத்துத் தோசை மாவில் கலந்தால் கசப்பு அவ்வளவாகத் தெரியாது.

படம் பார்த்து மட்டும் இதைக் கற்றுக்கொள்ள முடியாது என்று உறுதியாகச் சொல்வேன். நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்புகிற பெண்கள் மடியில் கீரையோடு வருவதைப் பார்த்திருப்பீர்கள், அவர்களோடு நடந்து போய்ப் பாருங்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு ஆத்தா. “வேரோட புடுங்காத கண்ணு, கொழுந்த மட்டும் கிள்ளு, மறுக்கா துளுக்கும்” என்பார். கிள்ளிய கீரையை எல்லாம் கலந்து சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகம், கொஞ்சம் புளி போட்டு வேகவைத்து, மண்சட்டியில் மத்தால் கடைந்து, சூடான ராகிக் களியில் குழி பறித்து ஊற்றிக்கொண்டால் வேறு குழம்பே வேண்டாம். ஒரே கீரையில் கடைந்தால் இந்த ருசி வராது, கலவையில்தான் வரும்.

களைக்கொல்லி அடித்த வரப்பு, சாக்கடை ஓரம், வண்டி ஓடும் ரோட்டோரம், இங்கெல்லாம் எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் பறிக்க வேண்டாம். காளானை, அது தெரிந்தவர்கள் கூட இல்லாமல் தொடவே வேண்டாம். கேரட் இலை போலக் கிழிந்த இலையோடு வருகிற பார்த்தீனியத்தை மட்டும் இரக்கமில்லாமல் பிடுங்குங்கள், பூ விடுவதற்கு முன்னால், கையுறை போட்டுக்கொண்டு. தோலில் பட்டால் அரிப்பு பலருக்கு விடாது.

இதே ஈரத்தில் முருங்கைப் போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு, நட்டுவிடலாம், தண்ணீர் தேங்காத மேட்டில், இல்லாவிட்டால் அடி அழுகும். தொட்டியில் விதை போட்டவர்கள் மழை விடாமல் பெய்தால் நாற்றைக் கொஞ்சம் மறைப்பில் வையுங்கள், இல்லாவிட்டால் தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் அழுகி ஒரே இரவில் சாய்ந்துவிடும்.

அடுத்த தொல்லை ஆப்பிரிக்க நத்தை. சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து அதனடியில் பப்பாளி இலை போட்டுவைத்தால் காலையில் கும்பலாக ஒதுங்கியிருக்கும், கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். வெறுங்கையால் தொடாதீர்கள், நோய் பரப்பும் புழு அதில் இருக்கலாம். நத்தை ஊர்ந்த இடத்துக் கீரை என்றால் நன்றாக அலசி, வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

பண்ணைக்கீரையில் நாலைந்து செடியைக் கிள்ளாமல் விட்டுவையுங்கள். கதிர் காய்ந்ததும் காகிதத்தில் தட்டினால் கறுப்பாகப் பளபளவென்று விதை கொட்டும். ரொம்பப் பொடி விதை, மணலில் கலந்து ஆடி மழைக்கு வேலியோரம் தூவுங்கள். மிச்சமிருந்தால் எங்கள் தெருப்பக்கம் வருகிறவர்களுக்கு நானே பொட்டலம் கட்டித் தருகிறேன்.