ட்ரிம் பட்டனை எவ்வளவு அமுக்கியும் துள்ளல் நிற்காத படகு

18 அடி பைபர் படகு, பின்புறம் வெளியே மாட்டிய 115 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். 20 நாட் வேகத்தைத் தாண்டியதும் அணியம் (படகின் முன்முனை) ஓங்கில் மாதிரி துள்ள ஆரம்பித்துவிடும். இதைச் சரிசெய்ய மூன்று முறை படகைத் தண்ணீரில் இறக்க வேண்டியதாயிற்று. முதல் இரண்டு முறையும் தண்டம்.

ட்ரிம், அதாவது எஞ்சினின் சாய்வைப் பட்டனால் மாற்றி அணியத்தை ஏற்றி இறக்குவது; அதைப் பிடிக்கும் முறை படகு ஓட்டுபவர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எஞ்சினை முழுக்க உள்ளே, படகை ஒட்டி இழுத்து வைத்துக் கிளம்ப வேண்டும். படகு எழுந்து சறுக்க ஆரம்பித்ததும் பட்டனைத் தட்டித் தட்டி வெளியே தள்ள வேண்டும். துள்ளினால் மறுபடி உள்ளே. இந்தப் படகோ, எஞ்சின் முழுக்க உள்ளே இருப்பதாக ட்ரிம் மீட்டரின் முள் அடியில் கிடக்கும்போதும் துள்ளியது. சோதனையை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். முழுக்க உள்ளே போன எஞ்சின் அமரத்தை (பின்முனையை) தூக்கி அணியத்தை அழுத்தும். அதையும் மீறி அணியம் எழுகிறது என்றால் அமரத்தில் எடை கூடியிருக்கிறது, அல்லது எஞ்சின் உண்மையில் உள்ளே போகவில்லை. அடிப்பாகம் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தாலும் இப்படி ஆகலாம். நீளமான நேர்கோலை வைத்துப் பார்த்ததில் அந்தக் கோளாறு இல்லை.

முதல் நாள், பின்னால் இருந்த இரண்டு பேர் முன்னால் போய் உட்கார்ந்ததும் துள்ளல் பாதியாகக் குறைந்தது. எடைதான் சிக்கல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் யாரோ சொன்னதைக் கேட்டு, இரண்டாம் முறைக்கு ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டில் நான்கு ஓட்டை போட்டு, இறக்கை மாதிரியான ஒரு ஃபின்னை மாட்டினோம். துள்ளல் தொடங்கும் வேகம் கொஞ்சம் தள்ளிப்போனதே தவிர துள்ளல் போகவில்லை. ஃபின்னைக் கழற்றிவிடலாம், ஓட்டைகள் அப்படியே இருக்கும். காரணம் தெரியாமல் எஞ்சினில் டிரில் வைக்காதீர்கள்.

விஷயம் பிடிபட்டது ட்ரெயிலர் மேல்தான். முள் அடிக்கு வந்ததும் பட்டனை விட்டுவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தால், எஞ்சினுக்கும் பிராக்கெட்டில் அது முட்டி நிற்க வேண்டிய இடத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறது. எஞ்சினின் சாய்வை மீட்டருக்குச் சொல்லும் ட்ரிம் சென்டரின் (sender) இரண்டு ஸ்குரூவும் தளர்ந்து, சென்டர் திரும்பியிருந்தது. இத்தனை நாளும் மீட்டர் பொய் சொல்லியிருக்கிறது. எஞ்சினை முட்டும் வரை இறக்கி, சென்டரைத் திருப்பி முள்ளை அடிக்குக் கொண்டுவந்து, ஸ்குரூவை இறுக்கினால் முடிந்தது. கடைசி வரை போய்விட்டதா என்று அறிய முள்ளைவிடக் காது நம்பகமானது. பம்ப் மோட்டாரின் சத்தம் மாறி, திணறுவது போல் கேட்டதும் பட்டனை விட்டுவிடுங்கள்.

பெரிய காரணம் அடியில் இருந்தது. ட்ரெயிலரின் முன்பக்கத்தை உயர்த்தி வடிகால் தக்கையைத் திறந்தால், தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. தக்கையின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் ஏன் ஓடவில்லை? மிதவை ஸ்விட்சுக்கு அடியில் அறுந்த தூண்டில் நரம்பு சுற்றி, மிதவை எழும்பவே முடியாமல் கிடந்தது. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அதுவும் ஓரிடத்தில் நிற்கும் எடை அல்ல. அணியம் எழ எழ அமரத்துக்கு ஓடி இன்னும் எழவைக்கும். ஆகவே ஒவ்வொரு முறை இறக்கும் முன்னும் மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள், பம்ப் ஓட வேண்டும். பம்ப் ஓடும் சத்தம் மட்டும் போதாது, வெளியே தண்ணீர் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் முறை படகு அமைதியாக ஓடியது.

அதன் பிறகுதான் உண்மையான ட்ரிம் வேலை. வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள், ஆர்பிஎம்மை மட்டும் நம்பாதீர்கள். அரை நொடி ஒரு தட்டு, கொஞ்சம் பொறுத்து அடுத்தது. ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் ப்ரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது. ஒரு தட்டு உள்ளே இழுங்கள். ரொம்பவும் வெளியே தள்ளினால் எஞ்சின் தண்ணீர் உறிஞ்சும் துளைகளும் மேலே வந்து சூடேறிவிடும். பின்னால் பீய்ச்சும் குளிர்நீர் மெலிந்தாலே த்ராட்டிலைக் குறைத்துவிடுங்கள். முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் கையேட்டில் சொன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும். பல போர் ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு அது 5000 முதல் 6000. எட்டவில்லை என்றால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) 1 அங்குலம் குறைந்த ப்ரொப்பெல்லர் ஏறக்குறைய 200 ஏற்றிக் கொடுக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். துள்ளலை அடக்குவதற்காக முழு வேகத்தில் எஞ்சினை முழுக்க உள்ளே இழுக்காதீர்கள். அணியம் தண்ணீரைக் கவ்வி, ஸ்டியரிங் கையை மீறித் திரும்பி, படகு ஒரே சுழற்றாகச் சுழன்று ஆளை வெளியே எறிந்துவிடும். முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு ட்ரிம். ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்சின் கயிறு ஓட்டுபவர் உடம்பில் மாட்டியே இருக்க வேண்டும். திரும்பும் முன்னும் கொஞ்சம் உள்ளே இழுங்கள். வெளியே தள்ளிய நிலையில் திருப்பினால் ப்ரொப்பெல்லர் காற்றை வாங்கிப் பிடி நழுவி, திடீரென்று மறுபடி பிடிக்கும். எதிர் அலைக்கு அணியம் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். பின்னாலிருந்து வரும் அலைக்கு நேர்மாறாக உயர்த்திக்கொள்ளுங்கள், இல்லையேல் முன் அலையின் முதுகில் குத்திவிடும்.

ட்ரெயிலரில் எஞ்சினைக் கையால் தூக்கிப் பார்க்க ரிலீஸ் ஸ்குரூவைத் தளர்த்தியிருந்தால், இறக்கும் முன் மறக்காமல் இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் ரிவர்ஸ் போட்டதும் எஞ்சின் மேலே எம்பும்.

கடைசியாக மிஞ்சியது ஸ்டியரிங் வலப்பக்கம் இழுத்தது. ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டுக்கு அடியில் இருக்கும் சிறு துடுப்பின் போல்ட்டைத் தளர்த்தி, அதன் பின்முனையை வலப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி இறுக்கியதில் சரியாயிற்று. இழுக்கும் பக்கத்துக்கே திருப்ப வேண்டும். பலர் எதிர்ப்பக்கம் திருப்பிக் கெடுத்துக்கொள்கிறார்கள். எஞ்சினை ரொம்ப வெளியே தள்ளி ஓட்டினால் இந்தத் துடுப்பு தண்ணீருக்கு மேலே வந்துவிடும், அப்போது இழுப்பு திரும்பவும் கைக்குத் தெரியும்.