அம்மாவின் வேண்டுதல், அப்பாவின் முடி

அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த இரவு, மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு அம்மா, "பழனி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். எனக்குத் திசை தெரியவில்லை. கைப்பேசியில் இருந்த, பழனி முருகன் அரசனாகக் காட்சி தரும் ராஜ அலங்காரப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். விடியும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. திரை அணைய அணையத் தொட்டு எழுப்பிக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்கு முடிக்காணிக்கை, தனக்குப் படியேற்றம் என்று அன்றே வேண்டிக்கொண்டாளாம்.

அப்பா நாற்பது வருடமாகக் கோயிலுக்குள் கால் வைக்காதவர். இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எப்போதும் சண்டையில்தான் முடியும். தயங்கித் தயங்கிச் சொன்னேன். "முடிதானே, எடுத்துக்கொள்ளட்டும். அன்று ராத்திரி உன் அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும்" என்றார்.

அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மேலே நான்கு மணி நேரக் கூட்டமாம், பணம் கொடுத்தால் பதினைந்தே நிமிடத்தில் தரிசனமாம். வேண்டுதலோடு வருகிறவர்களின் பயத்தை இப்படி விலை பேசுவதைப் பார்க்க வயிறு எரிந்தது.

மொட்டையில் சந்தனம் பூசிய அப்பாவைத் தம்பி மலைமேல் ஏற்றிச் செல்லும் வின்ச் ரயிலில் அழைத்துப் போனான். அம்மா 693 படிகளையும் ஏறினாள். முழங்கால் வீங்கியிருந்தது. இடும்பன் சன்னதியில் உட்கார்ந்தவளிடம், "போதும் அம்மா, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்" என்றேன். பதில் சொல்லாமல் என் தோளைப் பிடித்து எழுந்தாள்.

சாயரட்சை என்னும் மாலைப் பூஜை நேரம். 2023 அக்டோபரில் இருந்து மேலே கைப்பேசிக்கு அனுமதி இல்லை. என்னுடையதையும் கீழேயே ஒப்படைத்திருந்தேன். கூட்டம் நெருக்கித் தள்ளியது. திடீரென்று முன்னால் நின்றவர் விலகினார். கிரீடமும் வேலுமாக அதே ராஜ அலங்காரம். அன்று அம்மாவின் உள்ளங்கையில் அணைந்து அணைந்து எரிந்த அதே முகம், தீபாராதனையில் அணையாமல் நின்றது. கேட்க நினைத்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. "இருக்கிறார் முருகா, அப்பா இருக்கிறார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கண்ணீரில் பாதி தெரியவில்லை. நகரச் சொன்னார்கள், நகர்ந்தேன்.

அப்பா கும்பிட்டாரா என்று நான் பார்க்கவில்லை. பிரகாரத்தில் அம்மாவின் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். விபூதியை நீட்டினேன், வாங்கி அம்மாவின் நெற்றியில் பூசினார்.

முருகா, உனக்கு எப்படி நன்றி சொல்வேன். அந்த முழங்கால் வலியையும் நீயே பார்த்துக்கொள்.