மேல்தட்டு கீழே வசிக்கும் ஊர்

விண்வெளியில் வர்க்கக் கதை எழுத உட்காருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் தப்பு, பணக்காரரை உச்சியிலும் கூலிக்காரரைப் பாதாளத்திலும் குடிவைப்பது. சக்கரம் போலச் சுழலும் நிலையத்தில் இது எடுபடாது. 224 மீட்டர் ஆரம், நிமிடத்துக்கு 2 சுற்று என்று வைத்தால், விளிம்பில் நிற்பவருக்குப் பூமியில் உள்ள அதே எடை இருக்கும். அங்கே காலுக்குக் ‘கீழ்’ என்பது வெளிப்பக்கம். பாதி ஆரத்துக்கு ஏறினால் பாதி எடை, நடு அச்சில் எடையே இல்லை.

எடையில்லாத இடத்தில் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறையும். ஆகவே வசதியுள்ளவர் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். கப்பல் வந்து சேருவது அச்சில்தான் என்பதால் சரக்கு இறக்குகிறவர் அங்கேயே தங்கவேண்டியிருக்கும். ஐந்து வருஷம் கழித்துக் கீழே போகலாம் என்று அனுமதி கிடைத்தாலும் அவர் கால் தாங்காது. தடைச் சட்டம் ஒன்றுமே தேவைப்படாது. ‘மேல்தட்டு’ என்ற சொல்லைக் கதைக்குள் யாராவது ஒருவர் சொல்லிச் சிரிக்கட்டும், ஒரே ஒரு தடவை.

அடுத்தது காற்று. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதைத் தண்ணீரைப் பிரித்து எடுத்தால் ஏறக்குறைய 0.95 கிலோ தண்ணீர் செலவாகும். எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஆளை முதலில் வாட்டுவது கரியமில வாயு. எடையில்லாத இடத்தில் சூடான காற்று மேலே எழும்பாது. விசிறி நின்றால் தூங்குகிறவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கும், தலைவலியோடுதான் எழுந்திருப்பார். தென்னாப்பிரிக்காவின் முறைவைத்த மின்வெட்டை, அதாவது லோட் ஷெடிங்கை, ஸ்டேஜ் ஸ்டேஜாக அனுபவித்த டர்பன்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். அச்சுப் பகுதியில் விசிறிக்கு ஒரு ‘ஸ்டேஜ்’ அட்டவணை போட்டு, அதற்கு ‘அமைதி நேரம்’ என்று பெயர் வையுங்கள். மந்தமாக வேலைக்கு வருகிறவரை மேற்பார்வையாளர் சோம்பேறி என்பார். அதைப் பொய் என்று ஆசிரியர் எங்கும் சொல்லக்கூடாது, அட்டவணையைக் காட்டினால் போதும்.

பொய்ச் சொர்க்கத்துக்குச் சவுக்கோடு நிற்கும் வில்லன் வேண்டாம், நல்ல காகிதம் ஒன்று போதும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிவேலைக்குப் போன இந்தியர்களுக்கு அந்தக் காகிதத்தின் பெயர் கிர்மிட், அதாவது ‘அக்ரிமென்ட்’ என்ற தோட்டக் கூலி ஒப்பந்தம். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். உணவு, இருப்பிடம், மருத்துவம் எல்லாம் அதில் எழுதியிருந்தது, குறை கேட்கத் தனி அதிகாரியும் இருந்தார். எழுத்தில் அனுமதி வாங்காமல் தோட்டத்தைத் தாண்டினால் குற்றம் என்பதால், அவரிடம் போகிற வழியிலேயே பிடிபடலாம். கதைக்கு இந்த ஒரு முடிச்சு போதும். புகார் அலுவலகத்தை விளிம்பில் வையுங்கள், மின்தூக்கிச் சீட்டு மேற்பார்வையாளர் கையில் இருக்கட்டும்.

கணக்குப் புத்தகத்தைக் கிட்டத்தில் காட்டுங்கள். மொரிஷியஸில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தார்கள். அதையே எடுத்துக்கொள்வோம். மாதக் கூலி 30 புள்ளி, நாலு நாள் காய்ச்சல், எட்டு போய்விட்டது. மீதி 22. காற்றுக் கட்டணம் 25 என்றால் மூன்று கடன். அந்த மூன்றுக்குப் பதிலாக ஒப்பந்தம் மூன்று நாள் நீளும், அந்த மூன்று நாளும் காற்று வேண்டும். இந்தப் பக்கத்தை அப்படியே அச்சிடலாம். இதற்குப் பக்கத்தில் நீளமான புரட்சி வசனம் எதுவும் நிற்காது.

முதல் மூன்று அத்தியாயங்களில் வாசகருக்கே அங்கே குடிபோக ஆசை வரவேண்டும். கல்லைப் புரட்டினால் பொன் கிடைக்கும் என்று ஆள்கட்டிகள், அதாவது கூலிக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள், ஆசை காட்டியதாக மொரிஷியஸில் ஒரு கதை வழங்குகிறது. இப்படி ஒரே வரியில் ஆசை காட்டத் தெரிந்தவர்தான் நல்ல பாத்திரம். பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். கப்பல் பட்டியலில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் எழுதினார்கள். தோட்டத்துக்குப் போனதும் ராமசாமியும் முத்துசாமியும் வெறும் ‘சாமி’ ஆனார்கள். கம்ப்யூட்டர் குரல் ஒன்று எல்லாரையும் ஒரே செல்லப் பெயரால் அழைத்தால் அதைவிட இழிவு வேண்டாம்.

வெளியேறும் கதவையும் திறந்தே வையுங்கள். நேட்டால் 1895இல் போட்ட சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல் இருப்பவர் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி கட்டவேண்டும். அதாவது 60 ஷில்லிங், முதல் வருஷக் கூலியில் ஆறு மாதம். 1913இல் இந்தியத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914இல்தான் அது ஒழிந்தது.

வேலைநிறுத்தம் எழுதுவதானால் கடிகாரம் இதுதான். ஒருவர் ஒரு நாளில் விடும் கரியமில வாயு சுமார் ஒரு கிலோ, கன அளவில் அரை கன மீட்டர். விளிம்பில் ஆயிரம் பேர், காற்றின் கன அளவு ஒரு லட்சம் கன மீட்டர் என்றால், சுத்திகரிப்பு நின்ற பிறகு நாளுக்கு அரை சதவீதம் ஏறும். ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்று அலறும் காட்சிகளை வெட்டிவிடுங்கள், அதற்கு வெகுநாள் பிடிக்கும். இரண்டாம் நாள் முடிவில் ஒரு சதவீதம். அன்றைக்கு விளிம்பில் ஒரு அம்மா, இதுவரை தேவைப்படாத தலைவலி மாத்திரையைத் தேடி அலமாரியைத் திறப்பாள். அத்தியாயத்தை அங்கே தொடங்குங்கள்.