முப்பது யூரோ திட்டத்தில் கையெழுத்துப் போட இருந்தோம்

தம்பி ஜேர்மனியில் போய் இறங்கி ஆறு வாரமாகிறது. அவனைப் படிக்க அனுப்ப நாங்கள் நாடிய கண்டி முகவர், மருத்துவக் காப்புறுதி விஷயத்தில் செய்ததை நினைத்தால் எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அவருடைய நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எங்களுக்குத் திரும்பி வர வேண்டிய காசு கொஞ்சம் அவரிடம் இருக்கிறது. எழுதினால் அதுவும் வராது.

முதுமாணிப் படிப்புக்கு அனுமதி கிடைத்ததும், ஓராண்டுச் செலவுக்கென்று முடக்கி வைக்க வேண்டிய 11,904 யூரோவை மாமா வீட்டு உறுதியை வங்கியில் வைத்துப் புரட்டியதும் ஒருவழியாக முடிந்தன. எங்களை ஆட்டிப் படைத்தது மருத்துவக் காப்புறுதிதான். நாங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியிலும் டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையிலும் காசு கொடுக்காமல் மருந்து வாங்கி வளர்ந்தவர்கள். நோய் வருவதற்கு முன்பே மாதாமாதம் பணம் கட்டுவதென்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லாத விஷயம்.

ஜேர்மனியில் அது கட்டாயம். 30 வயதுக்கு உட்பட்ட மாணவர் என்றால் சட்டப்படியான பொதுக் காப்புறுதியில் சேர வேண்டும். 2025 இல் தம்பியின் வயதுக்கு அது மாதம் 145 யூரோ அளவில் வந்தது. 23 வயதைத் தாண்டியும் பிள்ளை இல்லாதவர் என்பதால் தன்னைத் தானே கவனிக்க முடியாமல் போகும்போது உதவும் பராமரிப்புக் காப்புறுதிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டுமாம். இதைக் கேட்டு அம்மா, "கல்யாணமே ஆகாதவனிடம் பிள்ளை எங்கே என்று கேட்கிறார்களா?" என்று சிரித்தார். யூரோ 350 ரூபாய் என்று வைத்து நான் கணக்குப் போட்டுக் காட்டியபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதைய நாள் சம்பளமான 1,350 ரூபாய்க்குக் கொழுந்து எடுப்பவருக்கு அது 37 நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. மாதத்தில் அத்தனை நாளே இல்லை.

ஆகவே, "30 யூரோவில் முடிக்கலாம் டீச்சர்" என்று முகவர் சொன்னபோது நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "145 யூரோவெல்லாம் ஜேர்மன்காரர்களுக்கு உள்ளது. நம் பிள்ளைகள் எல்லோரும் தனியார் திட்டத்தில்தான் போகிறார்கள். படிப்பு முடியும் வரைக்கும் இதுவே போதும்." காப்புறுதிப் பதிவுக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையும் கேட்டார், கட்டினோம். பிறகுதான் தெரிந்தது, அங்குள்ள பொதுக் காப்புறுதி நிறுவனங்கள் பதிவுக் கட்டணம் என்று ஒரு சதமும் வாங்குவதில்லை. இணையத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். மாதாந்தப் பணத்தையும் அங்கே போய் வங்கிக் கணக்குத் திறந்த பிறகு எடுத்துக்கொள்கிறார்கள். உங்களிடம் யாராவது இதற்குக் கட்டணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கையெழுத்துப் போடவென்று ஒரு கட்டுப் பத்திரங்களைத் தந்தார். நல்ல வேளை, அன்று நாவலப்பிட்டிப் பக்கம் மழை கொட்டியதால் கடைசி பஸ்ஸைத் தவறவிடுவோமோ என்ற பயத்தில் அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்தோம். அந்த மழைக்கு நான் கடன்பட்டவள்.

இரவு பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தி முடித்துவிட்டுக் கட்டைப் பிரித்தேன். ஆங்கிலத்தில் இருந்த திட்ட விபரத்தில் ஐந்தாவதோ ஆறாவதோ பக்கத்தில் ஒரு வரி: ஏற்கனவே இருக்கும் நோய்களுக்குக் காப்புறுதி இல்லை. தம்பிக்கு ஏழு வயதிலிருந்து இழுப்பு. பனி இறங்கும் மாதங்களில் எத்தனை இரவு அவனைத் தூக்கிக்கொண்டு கிளங்கனுக்கு ஓடியிருக்கிறோம் என்பதற்குக் கணக்கே இல்லை. முகவரின் விண்ணப்பத்திலோ நோய் ஏதும் இல்லை என்று முன்கூட்டியே புள்ளடி போடப்பட்டிருந்தது!

அடுத்த பத்திரம் முழுவதும் ஜேர்மன் மொழியில். தம்பி தன் அரைகுறை ஜேர்மனை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினான். மீதியைத் தொலைபேசி மொழிபெயர்த்தது. பொதுக் காப்புறுதியிலிருந்து தனக்கு விலக்கு அளிக்கும்படி அவனே விரும்பிக் கேட்கும் விண்ணப்பம் அது. அந்த விலக்கு கிடைத்துவிட்டால் அந்தப் படிப்பு முடியும் வரை திரும்பப் பெற முடியாது. இடையில் இழுப்பு முற்றினாலும், தனியார் நிறுவனம் கையை விரித்தாலும், மாணவனாகப் பொதுக் காப்புறுதிக்குத் திரும்பும் கதவு மூடியதுதான். பொதுக் காப்புறுதியோ எந்த நோய் இருந்தாலும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த வித்தியாசத்தை அந்த மனிதர் ஒரு வாய் வார்த்தையாகவும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கண்டிக்குப் பஸ். முகவர் கொஞ்சமும் சங்கடப்படவில்லை. "டீச்சர், இழுப்பு இருக்கிறது என்று யாரும் அங்கே எழுதுவதில்லை" என்றார். பாடசாலையில் சத்தம் போட்டுப் பழகிய குரல் எனக்கு. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குப் பேசினேன். அவரிடம் இருந்த எங்கள் பத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டோம், பதிவுக் கட்டணத்தில் பாதிதான் கைக்கு வந்தது.

அம்மாவைச் சம்மதிக்க வைத்தது வேறொரு கணக்கு. ஜேர்மனியில் அந்த ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 12.82 யூரோ. தம்பி மாதத்தில் 12 மணித்தியாலம் பகுதிநேர வேலை செய்தால் காப்புறுதிப் பணம் வந்துவிடும். "இங்கே 37 நாள், அங்கே 12 மணித்தியாலமா?" என்று கேட்டுவிட்டு அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எந்த நிறுவனம் என்பதில் நான் அதிகம் மண்டையை உடைக்கவில்லை. டெக்னிக்கர், ஏஓகே, பார்மர், டிஏகே என்று பல இருக்கின்றன. சிகிச்சைகளில் பெரும்பகுதியைச் சட்டமே தீர்மானித்துவிடுவதால் ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இல்லை. மேலதிகக் கட்டணம் சில யூரோ கூடும் குறையும். ஆங்கிலத்தில் பதில் சொல்வார்களா என்று மட்டும் பாருங்கள். ஓராண்டு கழித்து வேறொன்றுக்கு மாறிக்கொள்ளவும் முடியும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தனியார் காப்புறுதி அடியோடு வேண்டாம் என்பதல்ல. பொதுக் காப்புறுதி, அங்கே போய்ப் பதிவு செய்து பருவம் தொடங்கிய பிறகே நடைமுறைக்கு வரும். அதற்கு முந்திய நாட்களுக்கும் விசாவுக்கும் ஒரு பயணக் காப்புறுதி தேவை. மொழி வகுப்புக்கு மட்டும் போகிறவர்களுக்கும் மாணவர் பொதுக் காப்புறுதி கிடையாது, அவர்கள் தனியாரிடம்தான் போக வேண்டும். முகவர்கள் குழப்புவது இந்த இடத்தில்தான்.

அந்தப் பயணக் காப்புறுதியிலும் அடிபட்டோம். அட்டனில் ஒரு காப்புறுதிக் கிளைக்குப் போய், செப்டெம்பர் 20 ஆம் திகதி பயணம் என்று இரண்டு தடவை சொன்னேன். கருமபீடத்தில் இருந்தவர் கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். தந்த பத்திரத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு, விசா நேர்காணலுக்காக நடுச்சாமத்தில் அட்டனில் பஸ் ஏறி, கித்துல்கலை, அவிசாவளை வளைவுகளில் தம்பி இரண்டு தடவை வாந்தி எடுத்து, விடியும்போது கொழும்பில் இறங்கினோம். காப்புறுதி, பத்திரம் தந்த திகதியிலிருந்தே தொடங்குவதாக அச்சிட்டிருப்பது அங்கே போன பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது. பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே காலாவதியாகும் காப்புறுதி! திருத்திய பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். மறுநாள் கிளையில் அதே ஆள், "நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மிஸ்" என்றார். உண்மைதான், பார்த்திருக்க வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததும் தொடங்கும் திகதி, முடியும் திகதி, கடவுச்சீட்டு இலக்கம் மூன்றையும் கருமபீடத்திலேயே நின்று வாசியுங்கள், பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும்.

விசா வந்தது. கடைசித் தவறு என்னுடையது.

அங்கே காப்புறுதி இருப்பதைப் பல்கலைக்கழகத்துக்கு நாம் காகிதத்தில் காட்ட முடியாது. காப்புறுதி நிறுவனமே எம் 10 என்ற அறிவித்தலை மின்னணு வழியாக நேரே அனுப்பும். அதற்குப் பல்கலைக்கழகத்தின் 'எச்' என்று தொடங்கும் அனுப்புநர் இலக்கத்தை நாம் கொடுக்க வேண்டும். அதைச் சரியாகக் கொடுத்தேன். ஆனால் பெயரில் கோட்டை விட்டேன். நம் ஊர்ப் படிவங்களில் முதலெழுத்துடன் பெயர் எழுதி எழுதிக் கை பழகியிருந்தது. அப்பாவின் பெயருக்குப் பதில் ஒற்றை எழுத்தைக் குடும்பப் பெயரென்று போட்டுவிட்டேன். கடவுச்சீட்டிலும் பல்கலைக்கழகத்திலும் அப்பாவின் முழுப்பெயர் இருக்கிறது. அவர்களுடைய கணினிக்கு அது வேறு ஆள். காப்புறுதி நிறுவனம் அனுப்பிவிட்டோம் என்றது, பல்கலைக்கழகம் வரவில்லை என்றது. பதிவுக்கான கடைசி நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

  

அப்போது ஜேர்மனியில் காலை ஒன்பது மணியென்றால் இங்கே பன்னிரண்டரை. எனக்குப் பாடசாலை விடுவது ஒன்றரைக்கு. லயத்துப் பக்கம் அலைவரிசை வராது. ஐந்து நாள் தொடர்ந்து, பாடசாலை விட்டதும் தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலேயுள்ள மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு காப்புறுதி நிறுவனத்தை அழைத்தேன். நான்கு நாள் இசை மட்டும் கேட்டது. ஐந்தாம் நாள் ஒரு பெண் எடுத்தார். ஆங்கிலத்தில் பொறுமையாகக் கேட்டு, கடவுச்சீட்டின் படத்தை அனுப்பச் சொல்லி, பெயரைத் திருத்தி அங்கேயே மறுபடி அனுப்பினார். மறுநாள் பிற்பகல் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. ஆசிரியர் அறையில் நான் போட்ட சத்தத்துக்கு அதிபர் வந்து எட்டிப் பார்த்தார்.

ஒக்டோபர் கடைசியில் அங்கே குளிர் தொடங்கியதும் தம்பிக்கு இழுப்பு வந்தது. தன் படம் போட்ட காப்புறுதி அட்டையை வைத்தியரிடம் காட்டினான், அங்கே ஒன்றும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மருந்துக் கடையில் இன்ஹேலருக்கு 5 யூரோ. பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஜேர்மனியில் காசே வாங்க மாட்டார்களென்று நினைத்தேனே, கிளங்கனில் இதுவும் இல்லையே என்றார்.

முகவருக்கு நேற்றும் அழைத்தேன். அடுத்த வாரம் தருவதாகச் சொன்னார்.