அம்மாவின் தொடைப் புண்

புண் வருவதற்கு ஒரு மாதம் முன்பே வலி வந்துவிட்டது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் அம்மா. குளவி கொட்டியபோதுகூட அழாதவர், தொடையில் போர்வை பட்டாலே கத்தினார். அப்புறம்தான் வலை பின்னியதுபோல ஊதாக் கோடுகள் தெரிந்தன. நடுவில் ஓரிடம் கறுத்துக் காய்ந்தது.

முதலில் காட்டிய இடத்தில் சீனி வியாதிப் புண் என்று அன்டிபயோட்டிக் தந்தார்கள். மூன்று வாரம் வீணாய்ப் போனது. நினைத்தால் இப்போதும் ஆத்திரம்தான்.

சிறுநீரகம் செயலிழந்த அம்மாவுக்குக் கண்டியில் டயாலிசிஸ் (மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) பார்க்கும் டொக்டர் புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். கல்லாக இருந்தது. 'கல்சிஃபிலாக்சிஸ்' என்றார். தோலுக்கும் கொழுப்புக்கும் போகிற நுண்ணிய இரத்தக் குழாய்களில் கல்சியம் படிந்து அடைத்துவிட, இரத்தம் போகாத இடம் செத்துப்போகிறதாம். சதை வெட்டிப் பரிசோதிக்கவில்லை. வெட்டிய இடமே ஆறாத புண்ணாகலாம். பாதிப் பேரளவில் ஒரு வருடம் தாண்டுவதில்லை, புண்ணில் கிருமி ஏறுவதுதான் பெரிய எமன் என்றும் மறைக்காமல் சொன்னார். அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

முதல் வேலை சில மருந்துகளை நிறுத்துவது. இதயத் துடிப்புக் கோளாறுக்காகக் குடித்த வார்ஃபரின் என்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, சாப்பாட்டோடு போட்ட கல்சியம் குளிசை, விட்டமின் டி எல்லாம் நின்றன. கல்சியத்தோடு சேர்ந்து படிகிற பொஸ்பேட்டைக் குறைக்க செவலமர் குளிசை வந்தது. கருவாடும் பால்மாவும் போய், வெறும் சாயத்தண்ணிதான்.

கிழமைக்கு 2 தடவை இருந்த டயாலிசிஸ் 3 ஆனது. ஒவ்வொரு முறையும் கடைசி ஒரு மணி நேரம், இந்த நோய்க்குத் தருகிற சோடியம் தயோசல்ஃபேட் ஏற்றினார்கள். வழக்கமாக 25 கிராம். அம்மா 60 கிலோவுக்கும் குறைவு என்பதால் 12.5. பழைய ஸ்டூடியோக்களில் படம் கழுவிய 'ஹைப்போ' இதே உப்புதான். குமட்டல்தான் பெரிய பாடு. கினிகத்தேனை வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் என் கையில் ஷொப்பிங் பேக் தயாராக இருக்கும். பிறகு ஏற்றுவதற்கு முன்பே வாந்திக்கு மருந்து கேட்டு வாங்கிக்கொண்டோம்.

வலிக்கு மோர்பின் தரவில்லை. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அதன் கழிவு உடம்பிலேயே தங்கிவிடுமாம். ஃபென்டனில் பட்டி ஒட்டினார்கள். புண்ணுக்கு மருந்து கட்டுவதை நர்ஸ் மிஸ்ஸியிடம் பழகிக்கொண்டேன். லயத்து வீட்டில் ஒழுகாத ஒரே மூலை அதற்கென்று ஒதுங்கியது.

ஆறாவது கிழமை, ஒரு குளிர் ராத்திரி, அம்மா தானாகவே போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். புண் அப்போதும் அப்படியேதான் இருந்தது. அது சுருங்க மாதங்கள் ஆயின. இடது தொடையில் ரூபாய்க் காசளவு இன்னும் திறந்திருக்கிறது. நாளைக்கும் விடியற்காலை பஸ்ஸில் கண்டிக்குப் போகிறோம்.