சோலார் பேனல் ஏற ஒரு நாள், பேப்பர் நகர இரண்டு மாதம்

கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளில் கரண்ட் இணைப்பு இன்னும் காலமான அப்பா பேரில்தான் இருக்கும். மாடியில் சோலார் பேனல் போட மத்திய அரசு மானியம் தரும் பிஎம் சூர்ய கர் திட்டத்தின் தளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டால் அந்தப் பேர்தான் வரும். மானியம் விழும் வங்கிக் கணக்கின் பேரும் அதோடு ஒத்துப்போக வேண்டும். அதனால் முதலில் பெயர் மாற்றம், பிறகுதான் விண்ணப்பம். எங்கள் வீட்டில் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொண்டோம்.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாம் கொண்டுபோயும், மின்வாரிய ஆபீஸில் "மத்த வாரிசுங்க சம்மதக் கடிதம் எங்க?" என்று திருப்பி அனுப்பினார்கள். திருப்பூர் தங்கையின் கையெழுத்துக்கு ஒரு நாள் பஸ். என்னென்ன காகிதம் வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். இனிஷியல் முன்னே பின்னே இருந்தாலும் அதையும் அப்போதே சரிசெய்யுங்கள்.

லைன் சோலாரைத் தாங்குமா என்று "சாத்தியக்கூறு பார்க்கணும், ஆள் வரட்டும்" என மின்வாரியத்தில் சொன்னால் காத்திருக்க வேண்டாம். 10 கிலோவாட் வரை அந்த ஆய்வே தேவையில்லை என்று மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 திருத்தம் சொல்கிறது. நகலைக் காட்டியதும் பேச்சு நின்றது.

பேனல் போடும் கம்பெனி தரும் கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள். "3 கிலோவாட்" என்று தலைப்பில் போட்டு, உள்ளே 540 வாட் பேனல் ஐந்துதான் இருந்தது. ஆக 2.7. இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி), பேனல் இரண்டில் எதன் திறன் குறைவோ அதற்குத்தான் மானியம்: 78,000 அல்ல, 72,600. ஆறாவது பேனலைக் கேட்டு வாங்கினோம். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியத் தயாரிப்பாக இல்லாவிட்டால் மானியமே கிடையாது; பேனலை மாடியில் ஏற்றும் முன் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்துவையுங்கள்.

மானியம் கடைசியில்தான் வரும், அதுவரை முழுப்பணமும் நம் கையிலிருந்து. 2 லட்சம் வரை அடமானம் இல்லாத கடன் உண்டு. ஆனாலும் வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். திட்ட விதியைக் காட்டிய பிறகே விட்டார்கள்.

நாம் எடுப்பதையும் வெளியே அனுப்புவதையும் தனித்தனியே எண்ணும் இருவழி மீட்டர் மாட்டும்வரை இன்வெர்ட்டரை ஆன் செய்யாதீர்கள். சில பழைய டிஜிட்டல் மீட்டர்கள் வெளியே போகும் யூனிட்டையும் நாம் எடுத்ததாக எண்ணிவிடும். கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். பேட்டரி இல்லாமல், கஜா மாதிரிப் புயலில் இதை நம்பி இருக்க முடியாது.

சம்பா அறுப்பு மெஷின் வந்தால் பேனலில் தூசி அப்பிவிடும். வெயில் ஏறும் முன் கழுவுங்கள், போர்வெல்லில் உப்புத் தண்ணீர் என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும்.